பயிற்சியா, கள அனுபவமா? வன்னிப் போர்க்களம் சொன்ன பதில்

1999 நவம்பர் 2 ஆம் திகதி ஒட்டுசுட்டானில் தொடங்கிய ஓயாத அலைகள் மூன்று நடவடிக்கை, ஒரு வாரத்துக்குள் ஓமந்தை வரை வந்து நின்றது. நெடுங்கேணி, மாங்குளம், கனகராயன்குளம், புளியங்குளம் என்று தளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. 1997 மே 13 இல் ஜெயசிக்குறு நடவடிக்கையைத் தொடங்கி, பத்தொன்பது மாதங்களாகப் படையினர் பெரும் விலை கொடுத்துப் பிடித்த நிலம் அது. அது கைமாற ஒரு வாரம் போதுமாக இருந்தது.

அதன்பின் ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2009 ஜனவரி 2 ஆம் திகதி அதே இராணுவம் கிளிநொச்சிக்குள் நுழைந்தது. ஜனவரி 25 இல் முல்லைத்தீவு நகரம் வீழ்ந்தது. மே மாதம் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது.

1999 இல் தளங்களை விட்டு ஓடிய இராணுவம், 2009 இல் எப்படி வந்தது? எமது மக்கள் இன்றும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. உலக நாடுகள் சேர்ந்து அழித்தன என்பார்கள். கருணாவின் பிரிவே காரணம் என்பார்கள். ஆயுதக் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டதைச் சொல்வார்கள். இவை எல்லாவற்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அதிகம் பேசப்படாத இன்னொரு கேள்வியும் உண்டு. ஒவ்வொரு காலத்திலும் முன்னரங்கில் நின்றவர் யார்? அவருக்கு எவ்வளவு பயிற்சி கொடுக்கப்பட்டிருந்தது? அவர் அதற்கு முன் எத்தனை சண்டைகளைக் கண்டிருந்தார்?

இது படைத்துறை ஆய்வாளர்களுக்கு மட்டுமான கேள்வியல்ல. கடைசி மாதங்களில் தமது பிள்ளையை முன்னரங்குக்குப் பறிகொடுத்த ஒவ்வொரு குடும்பத்தின் கேள்வியும் இதற்குள் இருக்கிறது.

இரண்டும் எதைத் தருகின்றன?

பயிற்சி என்பது சண்டை தொடங்குவதற்கு முன் கற்றுக்கொள்வது. ஆயுதத்தைக் கழற்றிப் பூட்டுவது, குறி பார்த்துச் சுடுவது, கட்டளைக்குப் பணிவது, வரைபடம் வாசிப்பது, தொலைத்தொடர்புக் கருவியில் பேசுவது, காயக்காரருக்குக் கட்டுப் போடுவது, பக்கத்தில் நிற்பவரோடு சேர்ந்து நகர்வது ஆகியவை இதற்குள் அடங்கும். இவற்றைச் சண்டைக்குள் நின்று கற்க முடியாது. கற்பதற்குள் உயிர் போய்விடும்.

அனுபவம் வேறு. எந்தச் சத்தத்துக்கு விழுந்து படுக்க வேண்டும், எதற்குத் தலை நிமிரலாம் என்ற தெளிவை அது தருகிறது. எதிரி பின்வாங்குகிறானா, வலை விரிக்கிறானா என்று கணிக்க அது உதவுகிறது. பயம் வந்தாலும் கை வேலை செய்யப் பழகுவதும் அனுபவத்தால்தான்.

இதை விளங்கிக்கொள்ள எமது மக்கள் எந்தப் படைக் கல்லூரிக்கும் போகத் தேவையில்லை. 2008 இன் பிற்பகுதியில் வன்னியில் இருந்த பத்து வயதுப் பிள்ளைக்கும் எறிகணை புறப்படும் சத்தம் எது, விழும் சத்தம் எது என்று தெரியும். வேவு விமானத்தை ‘வண்டு’ என்று பெயர் வைத்து அழைத்தார்கள். வண்டு சுற்றினால் கொஞ்ச நேரத்தில் செல் வரும் என்று தெரிந்து பங்கருக்குள் இறங்கினார்கள். இடம்பெயர்ந்து போன ஒவ்வொரு இடத்திலும் கூரை போடுவதற்கு முன் பங்கர் வெட்டினார்கள். யாரும் வகுப்பு எடுத்துச் சொல்லிக் கொடுத்ததல்ல இது. இழந்து இழந்து கற்றது.

அனுபவத்தின் முக்கிய குணம் இதில் தெரிகிறது. அது மிக விலை கூடியது. கற்றுக்கொண்டவர்களை மட்டுமே நாம் பார்க்கிறோம். கற்பதற்கு முன் இறந்தவர்கள் பாடம் சொல்ல வருவதில்லை.

பயிற்சி மட்டும் போதுமா?

நன்கு பயிற்றப்பட்ட படையும், தான் பயிற்றப்படாத போருக்குள் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு எமது மண்ணிலேயே உதாரணம் உண்டு. 1987 ஒக்டோபர் 11 ஆம் திகதி நள்ளிரவில் இந்திய இராணுவத்தின் கொமாண்டோக்களும் சீக்கிய இலகு காலாட்படையினரும் யாழ். பல்கலைக்கழக வளாகப் பகுதியில் உலங்குவானூர்திகளில் இருந்து தரையிறக்கப்பட்டனர். தரையிறங்கிய சீக்கியப் படையினர் 30 பேரில் 29 பேர் கொல்லப்பட்டனர். ஒருவர் பிடிபட்டார்.

பயிற்சியில் குறைந்த படையல்ல அது. ஆனால் இந்திய இராணுவத்தின் பெரும்பகுதி பாகிஸ்தான், சீன எல்லைகளில் மரபுவழிப் போர் நடத்தவே ஆயத்தப்படுத்தப்பட்டிருந்தது. இங்கு அவர்கள் முகம் கொடுத்தது, ஒவ்வொரு ஒழுங்கையும் வேலியும் தெரிந்த ஒரு கெரில்லா அமைப்பை. 1988 இல் போர் முல்லைத்தீவின் அலம்பில், நித்திகைக்குளம் காடுகளுக்கு நகர்ந்தபோது அந்த இடைவெளி இன்னும் அகன்றது. 1990 மார்ச்சில் அவர்கள் வெளியேறியபோது 1,100 க்கும் அதிகமான படையினரை இழந்திருந்தார்கள்.

இதில் ஒரு முரண் உண்டு. 1983 இன் பிற்பகுதியில் இருந்து விடுதலைப் புலிகள் உள்ளிட்ட தமிழ் இயக்கங்களுக்குப் பயிற்சி கொடுத்ததே இந்தியாதான். வட இந்தியாவின் டெராடூன் பகுதியில் பயிற்சி பெற்றவர்கள் பின்னர் அதே நாட்டின் படையோடு மோதினார்கள். பயிற்சி ஒரே மூலத்திலிருந்து வந்தது. நிலத்தைப் பற்றிய அறிவும் நான்கு ஆண்டுச் சண்டை அனுபவமும் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தன.

வெளியுலகத்திலும் இதற்குச் சாட்சி உண்டு. 1916 ஜூலை 1 ஆம் திகதி, பிரான்சின் சொம் ஆற்றங்கரைச் சமரின் முதல் நாளில், பிரித்தானியப் படையில் 19,240 பேர் இறந்தனர். அவர்களுள் பெருந்தொகையினர் ஒரு வருடத்துக்கு மேல் பயிற்சி பெற்று, முதன்முறையாகப் பெருஞ்சமருக்குப் போன தொண்டர்கள். கொடுக்கப்பட்ட பயிற்சி, அவர்கள் சந்தித்த இயந்திரத் துப்பாக்கிக்கும் முட்கம்பிக்கும் பதிலாக இருக்கவில்லை.

அனுபவம் மட்டும் போதுமா?

அப்படியானால் அனுபவமே பெரிது என்று முடிவு கட்டலாமா? அதுவும் இல்லை. 1990 இல் உலகிலேயே அதிக போர் அனுபவம் கொண்ட படைகளுள் ஒன்று ஈராக்கியப் படை. 1980 முதல் 1988 வரை எட்டு ஆண்டுகள் ஈரானோடு போரிட்டது. அதற்கு எதிரே நின்ற அமெரிக்கப் படையினரில் பெரும்பாலானோர் அதுவரை ஒரு சண்டையும் கண்டவரல்லர். 1991 பெப்ரவரியில் தரைப்போர் 100 மணித்தியாலத்தில் முடிந்தது. ஈராக்கியப் படை நொறுங்கிப் போனது.

ஆகாய வலிமையும் தொழில்நுட்பமும் அதற்குப் பெரிய காரணங்கள். ஆனால் இன்னொன்றும் இருந்தது. ஈராக்கியரின் அனுபவம், அகழிக்குள் இருந்து காலாட்படை அலைகளைத் தடுக்கும் அனுபவம். வேகமாக நகரும் கவசப் படையோடு, இரவில், மணற்புயலில் மோதும் அனுபவம் அல்ல. அமெரிக்கரோ கலிபோர்னியப் பாலைவனத்தில் ஒரு போலி எதிரிப் படையை வைத்து, தோற்றுத் தோற்றுப் பழகியிருந்தார்கள்.

அந்தப் பயிற்சி முறைக்குப் பின்னால் வியட்நாம் போரின் பாடம் ஒன்று இருந்தது. முதல் 10 சண்டைப் பறப்புகளைத் தாண்டிய விமானி உயிர்தப்பும் வாய்ப்பு பெரிதும் கூடுகிறது என்று அமெரிக்க விமானப்படை கண்டது. அப்படியானால் அந்த முதல் பத்தையும் பாதுகாப்பாக வீட்டிலேயே பறக்க வைத்தால் என்ன என்று யோசித்தார்கள். 1975 இல் றெட் ஃபிளாக் என்ற போர்ப் பயிற்சி தொடங்கியது அப்படித்தான். நல்ல பயிற்சி என்பது, அனுபவத்தின் முதல் பகுதியை இரத்தம் சிந்தாமல் கொடுப்பது.

அனுபவத்துக்கு இன்னொரு எல்லையும் உண்டு. அது கூடிக்கொண்டே போவதில்லை. ஒரு கட்டத்துக்குப் பின் தேயத் தொடங்கும். இரண்டாம் உலகப் போரில் நோர்மண்டிக் களத்தில் நின்ற அமெரிக்கப் படையினரை ஆராய்ந்த மருத்துவர்கள், ஓய்வின்றி 60 நாட்கள் சண்டையில் நின்றபின் உயிரோடு இருந்தவர்களில் ஏறக்குறைய எல்லோருமே உளப் பாதிப்புக்கு உள்ளாகியிருந்ததைப் பதிவு செய்தார்கள். வன்னியில் 2008 இலும் 2009 இலும் களத்தில் நின்றவர்களுக்கு அறுபது நாளில் ஓய்வு கிடைக்கவில்லை என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும்.

புலிகள் இரண்டையும் சேர்த்த காலம்

1991 ஜூலையில் ஆனையிறவுத் தளத்தின் மீது புலிகள் நடத்திய முதலாவது பெருந்தாக்குதல் வெற்றி பெறவில்லை. சுமார் 600 போராளிகள் இறந்தார்கள். கெரில்லாச் சண்டையில் தேர்ந்த அமைப்பு, வெட்டவெளியில் ஒரு பெருந்தளத்தை மரபுவழியில் தாக்கப் போனபோது கொடுத்த விலை அது. கெரில்லா அனுபவம் அங்கு முழுதாகக் கைகொடுக்கவில்லை.

அந்தத் தோல்விக்குப் பின் அவர்கள் செய்ததே முக்கியமானது. படையணிகளாக ஒழுங்கமைத்தார்கள். தாக்க வேண்டிய தளத்தை மாதக்கணக்கில் வேவு பார்த்து, அதன் மாதிரியை மண்ணில் அமைத்து, ஒவ்வொரு அணியும் தன் பாதையைத் திரும்பத் திரும்பப் பழகும் முறையை வளர்த்தார்கள். சண்டை முடிந்தபின் தவறுகளை இருந்து பேசினார்கள். 1993 நவம்பரில் பூநகரியிலும், 1996 ஜூலை 18 இல் முல்லைத்தீவிலும் அதன் பலன் தெரிந்தது. முல்லைத்தீவுத் தளத்தில் 1,200 வரையான படையினர் கொல்லப்பட்டனர். இரண்டு 122 மில்லிமீற்றர் ஆட்லறிகள் புலிகளிடம் போயின. அந்த ஆட்லறிகளை இயக்கக் கற்றுக்கொண்டதும் பயிற்சியின் வேலைதான். பீரங்கியைக் கைப்பற்றுவது துணிவு. அதைக் கொண்டு பத்துக் கிலோமீற்றருக்கு அப்பால் குறிதவறாமல் அடிப்பது கணக்கு.

அடுத்து வந்தது ஜெயசிக்குறு. வவுனியாவில் இருந்து கிளிநொச்சிக்கு ஏ9 வழியே ஏறத்தாழ 75 கிலோமீற்றர். அந்தத் தூரத்தைத் திறக்கப் புறப்பட்ட படை, புளியங்குளத்தில் மாதக்கணக்கில் மறிக்கப்பட்டது. வடக்குப் போராளிகளும் கிழக்கிலிருந்து நடந்து வந்த போராளிகளும் ஒரே அணையில் நின்றார்கள். 1998 செப்டெம்பர் இறுதியில் படையினர் மாங்குளத்தைப் பிடித்த அதே நாட்களில் கிளிநொச்சியைப் புலிகள் பிடித்தார்கள். அந்த ஆண்டு டிசெம்பரில் ஜெயசிக்குறு கைவிடப்பட்டது.

அந்தப் பத்தொன்பது மாதங்களும் புலிகளின் நடுத்தரத் தளபதிகளுக்கு ஒரு பெரும் பள்ளிக்கூடம். கவசவாகனத்தை எந்தத் தூரத்தில் அடிப்பது, எறிகணை மழைக்குள் அணியை எப்படி மாற்றுவது என்று ஒவ்வொரு நாளும் கற்றார்கள். மறுபக்கத்தில் படைத்தரப்பு, பிடித்த இடங்களை வைத்திருக்கப் பொலிஸாரைக்கூட வன்னிக் காவலரண்களில் நிறுத்த வேண்டியிருந்தது. படையைவிட்டுத் தப்பியோடியோரின் எண்ணிக்கை பல்லாயிரமாக உயர்ந்திருந்தது. 1999 நவம்பரில் ஒரு வாரத்தில் நடந்ததை இந்தப் பின்னணியில் வைத்தே பார்க்க வேண்டும். களைத்துப்போன, மனம் விட்டுப்போன காவல்கோட்டின்மேல் நன்கு பழகிய, அனுபவம் முற்றிய அணிகள் மோதின.

2000 மார்ச் 26 இல் குடாரப்பில் தரையிறங்கி, இத்தாவிலில் ஏ9 ஐ ஊடறுத்து நின்ற நடவடிக்கை இதன் உச்சம். பால்ராஜ் தலைமையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட போராளிகள், எல்லாப் பக்கமும் படையினர் சூழ்ந்திருக்க, ஒரு மாதத்துக்கு மேல் அந்த நிலத்தில் நின்றார்கள். ஏப்ரல் 22 இல் ஆனையிறவு வீழ்ந்தது. வெறும் துணிவால் நின்றிருக்க முடியாத இடம் அது. பயிற்சியில்லாத அணியாக இருந்தால் இரண்டாம் நாளே கலைந்திருக்கும்.

இராணுவம் கற்றுக்கொண்டது

இலங்கை இராணுவத்துக்குப் பயிற்சி கிடைக்காமல் இருக்கவில்லை. 1990 களின் நடுப்பகுதியில் இருந்து அமெரிக்கச் சிறப்புப் படையினர் இங்கு வந்து பயிற்சி கொடுத்தார்கள். 53 ஆவது டிவிசனில் அப்படிப் பயிற்சி பெற்ற அணிகள் இருந்தன. ஆயினும் 2001 ஏப்ரல் 24 இல் தொடங்கிய அக்கினிகீல நடவடிக்கையில், முகமாலையில் மிதிவெடிகளுக்கும் முன்கூட்டியே குறிவைத்த மோட்டார்களுக்கும் நடுவே அந்தப் படை சிக்கியது. 250 க்கும் அதிகமான படையினர் இறந்தனர். 2006 ஒக்டோபர் 11 இல் அதே முகமாலையில் சில மணித்தியாலங்களுக்குள் நூற்றுக்கும் அதிகமான படையினரை இழந்தார்கள். பயிற்சி பெற்ற படைதான். ஆனால் முன்னே போகச் சொன்ன திட்டம், புலிகள் நன்கு அறிந்து ஆயத்தமாக இருந்த பாதையிலேயே போகச் சொன்னது. பயிற்சி பெற்ற சிப்பாயை மோசமான திட்டத்திடமிருந்து எந்தப் பயிற்சியும் காப்பாற்றாது.

மாற்றம் வேறு இடத்தில் நடந்தது. ஆழ ஊடுருவும் அணிகள் வன்னிக் காடுகளுக்குள் சிறு குழுக்களாக வந்து, கிளைமோர் வைத்துப் போவதில் அனுபவம் பெற்றிருந்தன. 2001 செப்டெம்பரில் கேணல் சங்கர் ஒட்டுசுட்டான் பகுதியில் கொல்லப்பட்டது அவ்வாறான ஒரு தாக்குதலில்தான். அந்தச் சிறப்பு அணிகளின் அனுபவத்தைச் சாதாரணக் காலாட்படைக்குப் பாடமாக மாற்றியதே போர்நிறுத்த காலத்திலும் அதன் பின்னும் இராணுவம் செய்த முக்கிய வேலை. எட்டுப் பேர் கொண்ட சிறிய காலாட்படை அணிகள் உருவாக்கப்பட்டன. வெடிபொருள், தொடர்பாடல், முதலுதவி, எறிகணைக்கு இலக்குச் சொல்வது ஆகியவை தெரிந்தவர்கள் அந்த எட்டுப் பேருக்குள்ளேயே இருந்தார்கள்.

2007 இலும் 2008 இலும் 57, 58, 59 ஆவது டிவிசன்கள் வன்னிக்குள் வந்த முறை ஜெயசிக்குறு போன்றதல்ல. ஒரே வீதியில் கவசவாகனத் தொடரணியாக வரவில்லை. மன்னார், வவுனியா, மணலாறு என்று பல முனைகளில், சிறு அணிகளாகக் காடுகளுக்குள்ளால் வந்தார்கள். நிலம் பிடிப்பதைவிடத் தினமும் சில போராளிகளைக் கொல்வதே நோக்கமாக இருந்தது. புலிகள் 1980 களில் கையாண்ட முறையை இராணுவம் கற்றுப் பெருக்கியது என்று சொல்லலாம். அதனோடு இராணுவத்தின் ஆளணி இரண்டு இலட்சத்தைத் தாண்டியது. பல்குழல் எறிகணைகளும் கிபிர் விமானங்களும் இரவு பகலாக இயங்கின. புலிகளுக்கான ஆயுதக் கப்பல்கள் 2007 இல் நடுக்கடலில் அழிக்கப்பட்டன. பயிற்சி மட்டும் போரை முடித்ததாகச் சொல்வது பிழை. ஆனால் முன்னர் இருந்த அதே இராணுவம்தான் வந்தது என்று நினைப்பதும் பிழை.

புலிகள் இழந்தது எதை?

எந்தப் படையிலும் பழையவரும் புதியவரும் கலந்தே நிற்பார்கள். பத்துப் பேரில் நான்கு பேர் சண்டை கண்டவராக இருந்தால், மற்ற ஆறு பேரும் அவர்களைப் பார்த்துப் பார்த்துக் கற்பார்கள். எப்போது படுப்பது, எப்போது ஓடுவது, எப்போது சுடாமல் இருப்பது என்று பக்கத்தில் நிற்பவர் சொல்லித் தருவார். பத்துக்கு ஒருவர் என்றாகிவிட்டால் அந்த ஒருவரே எல்லா இடத்துக்கும் ஓட வேண்டும். அவரும் விழுந்தால் அந்த அணியில் மிஞ்சுவது துவக்கு மட்டுமே.

புலிகளுக்கு அந்தக் கலவைதான் குலைந்தது. 2004 மார்ச்சில் கருணா பிரிந்தபோது, ஜெயசிக்குறுவை மறித்து நின்ற கிழக்கின் அனுபவம் பெருமளவில் களத்திலிருந்து விலகியது. நான்கு ஆண்டுப் போர்நிறுத்தத்தில் பழைய போராளிகள் பலர் குடும்பத்தவர்களானார்கள், விழுப்புண்களோடு வேறு பணிகளுக்குப் போனார்கள். 2008 மே 20 இல் பால்ராஜ் நோயினால் இறந்தார். 2008 இல் நாச்சிக்குடாவில் இருந்து அக்கராயன் வழியாக முறிகண்டி வரை போட்ட நீண்ட மண் அணையை ஆட்களால் நிரப்ப வேண்டியிருந்தது. அந்த அணை மாதக்கணக்கில் நின்றது என்பது அங்கு நின்றவர்களின் உறுதியைக் காட்டும். ஆனால் ஒவ்வொரு நாளும் அனுபவமுள்ளவர் ஒருவர் குறைய, அந்த இடத்துக்குப் புதியவர் ஒருவர் வந்தார். 2009 ஏப்ரல் தொடக்கத்தில் ஆனந்தபுரத்தில் தீபன், விதுஷா, துர்க்கா உள்ளிட்ட தளபதிகள் ஒரே சமரில் வீழ்ந்தபோது, இருபது ஆண்டுகளாகச் சேர்ந்த களஅறிவு சில நாட்களில் இல்லாமல் போனது.

புதியவர் எங்கிருந்து வந்தார் என்பதை வன்னியில் இருந்த யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 2006 இன் பின் வீட்டுக்கு ஒருவர் என்று கேட்கப்பட்டது. பின்னர் ஒருவரோடு நிற்கவில்லை. ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 இல் வெளியிட்ட அறிக்கை, இறுதிக் காலத்தில் 14 வயதுப் பிள்ளைகள்வரை கட்டாயமாகச் சேர்க்கப்பட்டதைப் பதிவு செய்திருக்கிறது. பிள்ளைகளைப் பங்கருக்குள் ஒளித்து வைத்த தாய்மாரும், பிடிபடாமல் இருக்க அவசர அவசரமாக மகளுக்குக் கலியாணம் செய்து வைத்த தகப்பன்மாரும் எமது ஊர்களில் இன்றும் இருக்கிறார்கள். இப்படிப் போனவர்களில் பலர் சில கிழமைகளில் காவலரணில் நின்றார்கள்.

இந்த இடத்தில் பயிற்சியா அனுபவமா என்ற விவாதம் அர்த்தமிழந்து போகிறது. அந்தப் பிள்ளைகளிடம் இரண்டும் இல்லை. 1990 களில் ஒரு தளத்தைத் தாக்க மாதக்கணக்கில் மாதிரி அமைத்துப் பழகிய அமைப்பு, 2009 இல் பழகாத பிள்ளையை மண் அணையில் நிறுத்தியது. படைத்துறைக் கணக்கிலும் அது பயன் தரவில்லை. பயிற்சியில்லாதவர் ஒருவர் விழுந்தால் அவரைத் தூக்க இன்னும் இருவர் வேண்டும். மனிதக் கணக்கில் அதைப் பற்றி என்ன சொல்வது என்பதை அந்தத் தாய்மாரிடம்தான் கேட்க வேண்டும். போராட்டத்தை மதிப்பவர்களும் இந்தக் கேள்வியைத் தவிர்த்துப் போகக்கூடாது. தவிர்த்தால், அந்தப் பிள்ளைகளின் சாவு யாருடைய கணக்கிலும் வராமல் போய்விடும்.

பயிற்சி எதைக் கற்பிக்கிறது?

இன்னொரு பக்கமும் சொல்லப்பட வேண்டும். இராணுவம் மேம்பட்ட பயிற்சியோடு வந்தது என்கிறோம். அந்தப் பயிற்சி எதைக் கற்பித்தது? எட்டுப் பேர் அணிக்கு எறிகணை இலக்குச் சொல்லத் தெரிந்திருந்தது. வானில் வேவு விமானம் சுற்றிக்கொண்டிருந்தது. 2009 ஜனவரியில் அரசாங்கமே பாதுகாப்பு வலயம் அறிவித்து மக்களை அங்கு வரச் சொன்னது. அதன்பின்னும் அந்த வலயத்துக்குள் எறிகணைகள் விழுந்தன. புதுக்குடியிருப்பு வைத்தியசாலை திரும்பத் திரும்பத் தாக்கப்பட்டது. பொதுமக்கள் 40,000 வரை இறந்திருக்கக்கூடும் என்பதை மறுக்க முடியாது என்று அதே நிபுணர் குழு சொன்னது.

பயிற்சி குறைந்த படை தவறுதலாக அடித்தது என்று இதைச் சொல்ல முடியாது. எங்கு அடிக்கிறோம் என்று பார்க்கும் கருவியும் ஆற்றலும் இருந்த படை அது. போர்ச் சட்டங்களும் பயிற்சியின் ஒரு பகுதிதான். வெல்வதற்கு வேண்டிய பாடத்தை எடுத்துக்கொண்டு, காப்பதற்கு வேண்டிய பாடத்தை விட்டுவிட்ட படையை நல்ல பயிற்சி பெற்ற படை என்று சொல்ல முடியுமா? இலங்கையின் படைநடவடிக்கையைப் பயங்கரவாதத்தை வெல்லும் மாதிரியாகப் பிற நாடுகளுக்கு எடுத்துக்காட்டும் கருத்தரங்குகள் கொழும்பில் நடந்திருக்கின்றன. அந்தப் பாடத்தைப் படிக்க வருவோர் இந்தக் கேள்வியையும் கேட்க வேண்டும்.

மிச்சம்

சுருக்கமாகச் சொன்னால் வன்னி சொன்ன பதில் இதுதான். பயிற்சி முதல் நாளைத் தாண்ட வைக்கிறது. அனுபவம் அதற்குப் பின்வரும் நாட்களைத் தாண்ட வைக்கிறது. அனுபவத்தைப் பயிற்சியாக மாற்றி அடுத்தவருக்குக் கையளிக்கும் தரப்பு வளர்கிறது. அனுபவமுள்ளவரை இழந்து, அந்த இடத்தைப் பயிற்சியில்லாதவரால் நிரப்பும் தரப்பு தேய்கிறது. 1991 முதல் 2000 வரை புலிகள் முதலாவது வகையில் நின்றார்கள். 2006 க்குப் பின் இராணுவம் அந்த இடத்துக்கு வந்தது.

ஆனால் போருக்குப் பின் அந்த அனுபவம் என்ன ஆனது? சுமார் 12,000 முன்னாள் போராளிகள் புனர்வாழ்வு முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுள் ஏறத்தாழ 600 பேர் சிறுவர்கள். அங்கு தச்சும் தையலும் பழகினார்கள். வெளியே வந்தபின் பலருக்கு வேலை இல்லை, உடம்பில் எறிகணைச் சிதறல் இருக்கிறது, வீட்டு வாசலில் புலனாய்வாளர் நிற்கிறார். சரணடைந்த பிள்ளைகளைத் தேடி 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் உட்கார்ந்த தாய்மாருக்கு, அவர்களின் பிள்ளைகளின் பயிற்சியைப் பற்றியோ அனுபவத்தைப் பற்றியோ யாரும் எதுவும் சொல்லத் தேவையில்லை. பிள்ளை எங்கே என்று சொன்னால் போதும்.

இன்று முகமாலைக்குப் போனால் வேறொரு காட்சி தெரியும். இரு தரப்பும் ஆண்டுக்கணக்கில் விதைத்த மிதிவெடிகளை ஹலோ ட்ரஸ்ற் போன்ற நிறுவனங்களில் சேர்ந்து அகற்றுபவர்களில் எமது ஊர்ப் பெண்கள் பலர். கணவனை இழந்தவர்களும் குடும்பத்தைத் தனியே சுமப்பவர்களும் அவர்களுக்குள் இருக்கிறார்கள். அவர்களில் எவரையும் பயிற்சி முடியாமல் அந்தக் காணிக்குள் இறக்குவதில்லை. முகக்கவசமும் பாதுகாப்பு அங்கியும் இல்லாமல் விடுவதில்லை. அனுபவமுள்ள மேற்பார்வையாளர் ஒருவர் பின்னால் நிற்கிறார். காயம் பட்டால் தூக்கிப்போக வாகனம் ஆயத்தமாக நிற்கிறது.

ஒரு உயிரை ஆபத்தான நிலத்துக்குள் அனுப்புவதற்கு முன் செய்ய வேண்டியது அவ்வளவும்தான். மிதிவெடி அகற்றும் பெண்ணுக்கு இன்று கிடைக்கும் அந்த ஆயத்தம், 2009 இன் தொடக்கத்தில் மண் அணைக்கு அனுப்பப்பட்ட பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. போரைப் பற்றி நாம் எழுதும் எந்த ஆய்விலும் இந்த ஒரு வரியாவது இருக்க வேண்டும்.